ஓர் எழுத்துக்குள் இரண்டு கட்டளைகள்

தட்டு இறங்கிய சத்தம் அன்று வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அதனால்தான் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த சுருக்கு முதலில் தலையைத் தூக்கவேயில்லை. நாலு டன் இரும்புத் தட்டு பழைய இரும்பின்மேல் விழுந்தால் கட்டடமே பல்லைக் கடிக்கும்; மேசையில் இருக்கும் டீயில் வளையம் வளையமாக அலை எழும். இது, ஈரத் துணியை யாரோ தரையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. டீ அசையாமல் இருந்தது. அப்புறம்தான் கீழேயிருந்து கத்தல் கேட்டது.

கண்ணாடிக்குக் கீழே, பிரஸ்ஸின் திறந்த கதவுக்கு முன்னால் மீசை மண்டியிட்டிருந்தான். அவன் வலது கை முழங்கைவரைக்கும் தட்டுக்கு அடியில் இருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியது பக்கத்தில் நின்றவர்கள். மீசை தன் கை எங்கே போனது என்று தேடுகிறவனைப்போல, தட்டின் விளிம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டைத் தூக்க எண்ணெய் ஏறவேண்டும்; பம்ப் எண்ணெயை ஏற்ற நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தை மீசையின் அண்ணன் தரவில்லை. அவன்தான் கிரேன்காரன். மேலேயிருந்தபடியே கொக்கியை இறக்கி, சங்கிலியைத் தட்டின் காதில் மாட்டச் சொல்லி, தம்பியின் தலைக்கு ஒரு சாண் மேலே நாலு டன்னை ஆடாமல் அசையாமல் தூக்கினான். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நேர்த்தியாக அவன் அந்தக் கிரேனை ஓட்டி யாரும் பார்த்ததில்லை. தட்டு எழும்பியதும் கூடவே கொஞ்சம் எழும்பிய கை, பிறகு பிய்ந்து விழுந்தது. கிரேன்காரன் ஏணியில் இறங்கவில்லை, பாதியிலிருந்து குதித்தான்.

சுருக்கு படியில் இறங்கி வந்தபோது தரையில் எண்ணெயும் ரத்தமும் கலந்து, இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன.

அவளுக்கு அந்தப் பெயர் வைத்ததே மீசைதான். பழைய இரும்பை அமுக்கிக் கட்டிகளாக்கும் அந்தப் பட்டறையில் பிரஸ்ஸை ஓட்டும் புரோகிராமை எழுதுகிறவள் அவள். சி மொழியில் எழுதப்பட்ட புரோகிராம். மெஷினைச் செய்த கம்பெனி கொடுத்திருந்த ஃபங்ஷன்களின், அதாவது கட்டளைகளின், பெயர்கள் கூட்ஸ் வண்டி மாதிரி நீளம். பார்த்து முடிப்பதற்குள் கண் வலிக்கும். தட்டைத் தாங்கும் எண்ணெயை இறக்கிவிடும் ஃபங்ஷனின் பெயரில் மட்டும் நாற்பத்து மூன்று எழுத்துகள். வந்த முதல் வாரமே அவள் தனியாக ஒரு ஃபைலைத் திறந்து, வரிக்கு ஒன்றாக டிஃபைன் போட்டு, ஒவ்வொரு நீளப் பெயருக்கும் ஒரு சின்ன மாற்றுப்பெயர் கொடுத்தாள். தட்டை நிறுத்துவதற்கு எஸ். தட்டு விழாமல் குறுக்கே பின் என்ற இரும்புக் கம்பியைத் தள்ளுவதற்கு பி. பின் தட்டைத் தாங்கிக்கொண்டதும் எண்ணெயை இறக்குவதற்கு வி. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு. புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், வேலையைத் தொடங்குமுன் அந்த எழுத்து கண்ணில் படும் இடத்திலெல்லாம் அதை எடுத்துவிட்டு முழுப்பெயரை ஒட்டிக்கொள்ளும். ஏன் எதற்கு என்று கேட்காது.

அந்த எழுத்துகள் மாடியோடு நிற்கவில்லை. மெஷினை ஓட்டிக் காட்டிய நாட்களில் அவள் மேலேயிருந்து கத்தியதைக் கேட்டுக் கேட்டு, கீழே எல்லாரும் அதையே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கதவைத் திறந்ததும் மீசை ஒரு பாட்டைப்போல "எஸ், பி, வி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கையை விட்டு, சிக்கிய தகரத்தை இழுப்பான். இவள் பிள்ளை பெற்றால் ஒரே எழுத்தில் பேர் வைப்பாள், கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்று கேலி செய்வான். அவள் சிரிப்பாள். சோம்பேறித்தனம் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. ஒரு பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்போது, வீட்டைக் கூட்டி முடித்துவிட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு நிறைவு வரும்.

பின் உடைந்தாலோ மாட்டாமல் போனாலோ என்ன ஆகும் என்று முதல் மாதம் மீசை ஒருமுறை கேட்டிருந்தான். பின் மாட்டியதா என்று மெஷினுக்குத் தெரியும், மாட்டவில்லை என்றால் எண்ணெய் இறங்காது, தட்டு நின்ற இடத்திலேயே நிற்கும் என்று அவள் சொன்னாள்.

"நிக்குமா?" என்று மறுபடியும் கேட்டான்.

"நிக்கும்ண்ணே. நான் எழுதியிருக்கேன்."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவன் இரண்டு வருஷமாக அதற்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

விபத்து நடந்த அன்று மதியத்துக்குள் மேனேஜர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பின் நுழையும் துளையில் ஒரு விரல் நீள இரும்புச் சில்லு குறுக்காக மாட்டியிருந்தது. பின் உள்ளே போகவில்லை, தட்டு விழுந்தது. அவ்வளவுதான். துளையைத் தினமும் காலையில் சுத்தம் செய்வது ஃபிட்டரின் வேலை. ஃபிட்டர், சுருக்குவின் அக்கா புருஷன். அவர்கள் வீட்டு முன்னறையில்தான் அவள் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறாள். மேனேஜர் அரைப் பக்கத்தில் அறிக்கை எழுதி, புரோகிராம் சரியாக இருக்கிறது என்ற வரிக்குக் கீழே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் ஃபைலைத் திறந்து பார்க்காமலே போட்டாள். இரண்டு வருஷமாக ஓடுகிற புரோகிராம் அது.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அக்கா தட்டை வைத்தாள், எடுத்தாள். ஃபிட்டர் காலையில் துளையைத் துடைத்ததாகவும், சில்லு அப்புறம் தெறித்து விழுந்திருக்கவேண்டும் என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னார். கையில் துணி இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது, நீலத் துணி என்றார். பிறகு சுருக்குவைப் பார்த்தார்.

"பின் போகலைன்னே வச்சுக்கோ. எண்ணெய் நின்னிருக்கணுமே?"

"புரோகிராம் சரியாத்தான் இருக்கு அத்தான்" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார். அவளை நம்பினார். அதனால்தான் மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் ஃபைலைத் திறந்தாள்.

தப்பு ஒரே வரியில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், பின் மாட்டும் சத்தம் இந்த இரைச்சலில் காதில் விழவில்லை, ஒரு விளக்குப் போட்டுக் கொடு என்று கேட்டவன் மீசைதான். பின் மாட்டினால்தானே எண்ணெய் இறங்கும், அதனால் எண்ணெய் இறங்கும்போது பச்சை விளக்கு எரியட்டும் என்று அவள் முடிவு செய்தாள். வி என்ற எழுத்து புரோகிராமில் பதினோரு இடத்தில் வந்தது. பதினோரு இடத்திலும் போய் மாற்றுவானேன்? மாற்றுப்பெயருக்குள்ளேயே விளக்கைச் சேர்த்துவிட்டாள். அதுவரைக்கும் வி என்றால் எண்ணெயை இறக்கு. அன்றிலிருந்து வி என்றால் விளக்கைப் போடு, எண்ணெயை இறக்கு. ஒரு வாய் டீ குடித்து, அடுத்த வாய் குடிப்பதற்குள் முடிந்த வேலை.

பத்து இடங்களில் அந்த எழுத்து தனியாக நின்றது. பதினோராவது இடத்தில், ஒரு நிபந்தனைக்குக் கீழே நின்றது: பின் மாட்டியிருந்தால் மட்டும், வி. நிபந்தனை தனக்கு அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளையைத்தான் பிடித்துவைக்கும். இரண்டைப் பிடிக்கவேண்டுமென்றால் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் கட்டவேண்டும். அவள் கட்டவில்லை. கம்பைலர் எழுத்தை எடுத்துவிட்டு இரண்டு கட்டளைகளையும் அப்படியே ஒட்டியது. பின் மாட்டியிருந்தால் விளக்கைப் போடு. அந்த வரி அதோடு முடிந்தது. எண்ணெயை இறக்கு என்பது அடுத்த வரி. பின் மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி.

எட்டு மாதமாகப் பின் ஒருநாளும் தவறாமல் மாட்டியது. தவறாமல் மாட்டவைத்தது ஃபிட்டரின் நீலத் துணி.

நேற்று விளக்கு எரிந்திருக்காது. ஆனால் அதிர்வில் வாரத்துக்கு ஒரு பல்பு போகிற இடத்தில், எரியாத விளக்கை யார் பொருட்படுத்துவார்கள்? தட்டு மேலே நிற்கிறது. பின் மாட்டாவிட்டாலும் நிற்கும் என்று சுருக்கு சொல்லியிருக்கிறாள். மீசை கையை விட்டான்.

அவள் ஃபைலை மூடினாள். திறந்தாள். மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்; அவர் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். பத்து மணிக்கு, வீட்டுக்குப் போய் முதலில் அக்காவிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். பதினொன்றரைக்கு, திருத்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்தவுடன் எழுந்துபோய் வாஷ்பேசினில் வாந்தியெடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதியில்தான் கீழே சங்கிலி இழுபடும் ஓசை கேட்டது.

கிரேன்காரனும் அவனோடு இரண்டு பேரும் ஃபிட்டரைச் சங்கிலியால் தோளோடு சேர்த்துக் கட்டி இழுத்துவந்துகொண்டிருந்தார்கள். ஃபிட்டரின் சாப்பாட்டு டப்பா கவிழ்ந்து பின்னாலேயே உருண்டு வந்தது. கிரேன்காரன் வேகமில்லாமல், நின்று நிதானமாக அடித்தான். பெரிய ஸ்பேனரால் முதலில் முட்டியில். ஃபிட்டர் விழுந்ததும் முடியைப் பிடித்துத் தூக்கி வாயில். இரண்டு பற்கள் கான்கிரீட்டில் விழுந்து துள்ளின. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவன் ஒரே கேள்வியைக் கேட்டான்: துடைச்சியா, துடைக்கலையா? ஃபிட்டர் துடைத்தேன் என்றார். அடி விழுந்தது. மறுபடியும் துடைத்தேன் என்றார். சுற்றி நின்ற முப்பது பேரில் ஒருவரும் அசையவில்லை. ஒருவன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான்.

"எந்தக் கையால துடைச்ச?" என்று கேட்டுவிட்டு, அவர் வலது கையைப் பிரஸ்ஸின் பக்கம் இழுத்தான் கிரேன்காரன்.

சுருக்கு படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. கடைசிப் படியில் கால் இடறி விழுந்து, கையை ஊன்றி எழுந்தாள். கூட்டம் விலகியது.

"அவர் கையை விடுங்கண்ணே. தப்பு என்னுது."

கிரேன்காரன் திரும்பவில்லை. மச்சினி வந்துட்டா, ஒப்பாரி வைக்க என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்த எழுத்தைச் சொன்னாள், விளக்கைச் சொன்னாள், இரண்டு கட்டளையில் ஒன்று மட்டும் நிபந்தனைக்கு உள்ளே நின்றதைச் சொன்னாள். அந்த எழுத்து எல்லாருக்கும் தெரிந்த எழுத்து; அவர்கள் வாயிலேயே தினமும் புழங்கியது. ஆனாலும் ஒருவன் சிரித்தான். வீட்டு ஆம்பளையைக் காப்பாத்த என்னெல்லாம் கதை கட்டுறா பாரு என்றான்.

"கதைன்னா டிரம்மை வச்சுப் பாருங்க" என்றாள். "பின்னைத் தள்ளுற காத்துக் குழாயைக் கழட்டிட்டுக் கதவைத் திறங்க. நான் சொன்னது பொய்யின்னா தட்டு நிக்கும்."

கிரேன்காரன் ஸ்பேனரைத் தாழ்த்தினான். பிறகு ஃபிட்டர், கட்டோடு, ரத்தத்தைத் துப்பிவிட்டு, என்னை அவிழ்த்துவிடு, குழாயை நான் கழற்றுகிறேன் என்றார். வேறு யாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு காலை இழுத்துக்கொண்டே போய்க் கழற்றினார். காலி எண்ணெய் டிரம் ஒன்றைத் தட்டுக்கு அடியில் உருட்டி நிறுத்தினார்கள். பம்ப் தட்டை மேலே ஏற்றியது. கிரேன்காரனே கதவைத் திறந்தான்.

ஒன்று. இரண்டு. பச்சை விளக்கு எரியவில்லை. தட்டு விழுந்தது. இடுப்புயர டிரம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் தடிமனுக்கு நசுங்கியது; அதன் மூடி பிய்ந்து பறந்து கண்ணாடி அறையின் கண்ணாடியை உடைத்தது.

கண்ணாடிச் சில்லுகள் விழுந்து முடியும்வரைக்கும் கிரேன்காரன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"காலையில எட்டரைக்கு."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஃபிட்டரும் பார்த்தார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஃபிட்டர் தன் வாயைத் துடைத்த கையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார், அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மேல் விழுந்த முதல் அடி அதுதான்.

கிரேன்காரன் அவள் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே கையால் பிடித்தான். பம்பைப் போடு என்றான். தட்டு ஏறியது, நசுங்கிய டிரம் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் ஏறி, கழன்று விழுந்தது. கதவை இழுத்துச் சாத்தி, கதவுக்குக் கீழே இருந்த சந்து வழியாக அவள் கைகளைத் தட்டுக்கு அடியில் நுழைத்தான். இரும்பு குளிராக இல்லை. மனித உடம்பின் சூட்டில் இருந்தது. கதவைத் திறந்தால் போதும். மீதியை அவள் எழுதியது பார்த்துக்கொள்ளும்.

கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றது ஃபிட்டர்.

"திற" என்றான் கிரேன்காரன். "உன்னை அடிச்சதுக்கு நான் திருப்பி அடி வாங்கிக்கிறேன், அப்புறம். இப்போ திற."

ஃபிட்டர் கைப்பிடியில் கையை வைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்த விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் கிரீஸ். ஆறு வருஷமாக ஒரே மேசையில் பார்த்த விரல்கள். அவை இறுகின. தளர்ந்தன.

"இவ கை போச்சுன்னா அந்த எழுத்தை யார் திருத்துறது?" என்றார். பல் போன இடத்தில் காற்று புகுந்து, குரல் யாருடையதோபோல வந்தது. "மேனேஜர் நாளைக்கே இந்த மெஷினை ஓட்டச் சொல்லுவாரு. இங்க வேற ஒருத்தன் வந்து நிப்பான். அவனுக்கும் அண்ணன் இருப்பான்."

கிரேன்காரன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அவன் நெற்றியில் அது தெரிந்தது. பிறகு அவள் கைகளை வெளியே இழுத்தான். யாரோ மூச்சு விட்டார்கள்.

"திருத்த எத்தனை கை வேணும்?" என்று கேட்டான்.

அவளுக்கு அவன் என்ன கேட்கிறான் என்று புரிந்தது. கூட்டத்துக்குப் புரிய இன்னும் ஒரு நொடி ஆயிற்று.

"ஒண்ணு போதும்."

அவன் அவள் இடது கையைப் பிரஸ்ஸின் விளிம்பில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஸ்பேனரால் அடித்தான். இரண்டு தடவை. இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்கியது அவளுக்கு முதலில் காதில் விழுந்தது, அப்புறம்தான் வலித்தது. அவள் தரையில் உட்கார்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல் திறந்தபடியே வைத்திருந்தாள். கிரேன்காரன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, அவளுக்கு எதிரே தானும் உட்கார்ந்து அழுதான். அது பார்க்க அதைவிடப் பயங்கரமாக இருந்தது.

ஃபிட்டர்தான் நீலத் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். முதலில் மேலே என்றாள் அவள்.

உடைந்த கண்ணாடியை நாற்காலியிலிருந்து தட்டிவிட்டு உட்கார்ந்தாள். வாசலில் கிரேன்காரன் நின்றான், பின்னால் ஃபிட்டர் சுவரில் சாய்ந்து நின்றார். அடைப்புக்குறி இரண்டைப் போட்டால் போதும். ஒரு நிமிஷ வேலை. அவள் அதைச் செய்யவில்லை. வி என்ற வரியையே அழித்தாள். பதினோரு இடத்துக்கும் போய், நாற்பத்து மூன்று எழுத்துப் பெயரை, ஒரு கையால், ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். பெரிய எழுத்துக்கு ஷிஃப்டை அமுக்க இன்னொரு விரல் வேண்டியிருந்தது. ஒரே கையை நண்டுபோல விரித்து அமுக்கினாள். ஏழாவது இடத்தில் கண் இருண்டது. ஃபிட்டர் தண்ணீர் கிளாஸை மேசையில் வைத்தார், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் அவளைத் தொடாமல்.

பதினோராவது இடத்தில் நிபந்தனையை எழுதி, அடைப்புக்குறியைத் திறந்து, விளக்கையும் எண்ணெயையும் உள்ளே வைத்து மூடினாள். ஃபிட்டரைக் கூப்பிட்டு, உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் ஓட்டைப் பல்லோடு அந்த நீளப் பெயரைத் திக்கித் திக்கி முழுசாகப் படித்தார். இந்தப் பட்டறையில் அதை யாரும் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திருத்தியதை மெஷினில் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினார்கள். காற்றுக் குழாய் இன்னும் கழன்றே கிடந்தது. தட்டு மேலே ஏறி நின்றது. முப்பது பேரும் இருந்தார்கள்.

கிரேன்காரன் கதவுக்குப் பக்கத்தில் போய், கீழ்ச் சந்துக்கு முன்னால் தன் வலது கையை நீட்டினான்.

"என் தம்பிகிட்ட சொன்ன மாதிரி எனக்கும் சொல்லு. நிக்குமா?"

அவள் மறுத்துத் தலையை அசைத்தாள்.

"சொல்ல மாட்டேன்ண்ணே. டிரம்மை வைங்க."

அவன் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு, தானே போய் இன்னொரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து, நசுங்கிக் கிடந்ததைக் காலால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினான். ஃபிட்டர் கதவைத் திறந்தார்.

ஒன்று. இரண்டு. விளக்கு எரியவில்லை. தட்டு நின்றது. பத்து எண்ணினார்கள், இருபது எண்ணினார்கள், தட்டு நின்றது. வேலை தொடங்கும் சங்கு ஊதியது. ஒருவரும் நகரவில்லை, அந்த டிரம்மை எடுக்க உள்ளே கையை விட யாருக்கும் துணிவில்லை.